கைடு பெயரில் ஒரு பூச்சி

மாமரத்துத் தத்துப்பூச்சியில் எங்கள் பக்கம் மூன்று இனம் உண்டு. மூன்றும் அரிசியை விடச் சிறியவை. மூன்றும் பழுப்பு. மூன்றும் பூங்கொத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும், ஆள் நிழல் பட்டால் படபடவென்று தாவும். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்வதற்காகக் கல்யாணமாகி, குடும்பமாகி, முடி நரைக்கத் தொடங்கிய ஒருத்தி வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள் என்றால் அவளைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் மாமியார் அதை என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

பிரிக்கும் வித்தை இதுதான். பூச்சியின் கழுத்துக்குப் பின்னால், முதுகில், குட்டியாக ஒரு முக்கோணத் தகடு இருக்கும். அதில் இரண்டு பொட்டு இருந்தால் ஓர் இனம். மூன்று பொட்டும் இறக்கையில் ஒரு வெள்ளைப் பட்டையும் இருந்தால் இன்னொன்று. உருவத்தில் சற்றுப் பெரிதாக, அடிமரத்துப் பட்டை இடுக்கில் ஒண்டியிருந்தால் மூன்றாவது. கையேட்டில் இவ்வளவுதான். ஆனால் பூச்சிகள் கையேடு படிப்பதில்லை. நடுப்பொட்டு மங்கிப்போன மூன்று பொட்டுக்காரன் இரண்டு பொட்டுக்காரனாக வேஷம் போட்டு நிற்பான். பெரியது அடிமரத்தை விட்டுப் பூவுக்கு ஏறி மற்றவர்களோடு கலந்து உட்காரும். சந்தேகம் வந்தால் ஒரே தீர்ப்புதான்: ஆண் பூச்சியின் வயிற்றைக் கழற்றி அதன் உறுப்பைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் அதன் வளைவும் கொக்கியும் வேறு. ஊர் உலகத்தில் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்வார்கள். எங்கள் துறையில் முகத்துக்கு மரியாதை கிடையாது. பெண் பூச்சியைப் பற்றி எங்கள் கட்டுரைகளில் பல சமயம் ஒரே வரிதான் இருக்கும்: 'பெண் தெரியவில்லை.' எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று என்னிடம் பொறுமையாக விளக்கியிருக்கிறார்கள்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் என் ஒன்றுவிட்ட அத்தைக்கு மாந்தோப்பு. பூச்சி பிடிக்க அங்கேதான் போவேன். பிடிக்கும் கருவி ஒரு கண்ணாடிக் குப்பியும் இரண்டு குழாயும். ஒரு குழாயைப் பூச்சியின் பக்கத்தில் வைத்து, இன்னொன்றை வாயில் வைத்து உறிஞ்சினால் பூச்சி குப்பிக்குள் வந்து விழும். முதல் நாள் அத்தை இதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னா கண்ணு, மரத்துகிட்ட பீடி வாங்கி இழுக்கறவளாட்டம் இழுக்கற?"

"தத்துப்பூச்சிங்க அத்த. மூனு வகை இருக்குது. எது எதுன்னு பிரிக்கணும்."

"மூனுக்கும் ஒரே மருந்துதான அடிக்கறோம். அப்பறம் எதுக்குப் பிரிக்கற?"

இந்தக் கேள்விக்கு என் தீசிஸின் முதல் அத்தியாயம் பக்கம் பக்கமாகப் பதில் சொல்கிறது. அத்தையிடம் சொல்ல அதில் ஒரு வரி தேறவில்லை. மோர் கொடுத்தார், குடித்துவிட்டு மறுபடியும் உறிஞ்சப் போனேன்.

பிடித்ததை ஆல்கஹாலில் போட்டு லேபுக்குக் கொண்டு வருவேன். அங்கே ஊசியால் வயிற்றைத் தனியாகக் கழற்றி, கேஓஎச் என்கிற காரக் கரைசலில் போட்டு ஹாட்பிளேட்டில் வைப்போம். சதை, குடல், கொழுப்பு எல்லாம் கரைந்து, கண்ணாடி மாதிரி வெறும் கூடு மிஞ்சும். அதைக் கிளிசரின் துளியில் வைத்துப் பார்த்தால்தான் உள்ளே இருக்கும் உறுப்பு தெளிவாகத் தெரியும். இந்தத் துறையில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். பூச்சியின் வயிற்றில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை, வேக வைத்துக் கொட்டிவிடுகிறோம்.

என் கைடு தர்மபுரியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறைத் தலைவர். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். குரலை உயர்த்திப் பேசியதில்லை. 'என்னம்மா', 'சரிம்மா', 'பார்க்கலாம்மா', இதுதான் அவருடைய மொத்த அகராதி. மத்தியானம் லேபுக்கு வந்து, "இன்னிக்கு என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே என் டிபன் பாக்ஸைத் திறப்பார். ஒரு வாய் என்று ஆரம்பித்துப் பாதியைத் தாண்டியதும், "உப்பு கொஞ்சம் கம்மி" என்று மூடி வைப்பார். அவர் வகுப்புகளை ஆய்வு மாணவர்கள் நாங்கள் எடுத்தோம். அவர் விடைத்தாள்களை நாங்கள் திருத்தினோம். அவர் பெண்ணின் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு நான்தான் எரிமலை செய்தேன். அது வெடிக்கவில்லை என்று நானே பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் மன்னிப்பும் கேட்டேன். நாங்கள் எழுதிய கட்டுரைகளில் அவர் பெயர் முதலில் வரும். வருஷம் ஆக ஆக நாங்கள் மெலிந்துகொண்டே போனோம். அவர் சட்டையின் நடுப்பொத்தான் மட்டும் எப்போதும் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. அவர் பெயரில் உலகத்தில் ஒரு ஜீவராசியும் இல்லை. கூடப் படித்த ஒருவர் பெயரில் வேறு மாநிலத்தில் ஒரு தேரை இருக்கிறது. அந்த மனிதர் தேரையின் படத்தையே தன் வாட்ஸ்ஆப் முகப்பில் வைத்திருந்தார். எங்கள் கைடு தினமும் அதைத் திறந்து பார்ப்பார், மூடுவார். புதிய பூச்சிக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் துறையின் நாகரிகம். வேறொருவர் வைக்க வேண்டும். அதனால்தான் இந்தத் துறையில் பெரியவர்கள் மாணவர்களிடம் அவ்வளவு பிரியமாக இருக்கிறார்கள்.

ஒரு பூ சீசனில் அத்தை தோப்பிலிருந்து கொண்டு வந்த குப்பியில் சில ஆண் பூச்சிகள் வித்தியாசமாக இருந்தன. முதுகில் இரண்டு பொட்டு. ஆனால் உடம்பு வெளுத்து, வயிறு உப்பி இருந்தது. வேக வைத்துப் பார்த்தால் உறுப்பு சின்னதாக, கொக்கியே இல்லாமல் இருந்தது. அப்படி ஓர் உறுப்பை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. கைடைக் கூப்பிட்டுக் காட்டினேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகு நேரம் நிமிரவில்லை.

"புதுசும்மா," என்றார்.

"சார், ஒவ்வொரு வயித்துக்குள்ளயும் கறுப்பா ரெண்டு சின்னக் கொக்கி கிடக்குது. உறுப்போட ஒட்டல. தனியா கிடக்குது."

"தூசிம்மா. கிளிசரினை மாத்து."

கிளிசரினை மாற்றினேன். அடுத்த வயிற்றிலும் அதே இரண்டு கொக்கி. தர்மபுரியின் தூசி எல்லா வயிற்றிலும் ஒரே வடிவத்தில், ஜோடி ஜோடியாகப் போய் விழுகிறது என்று நம்புவதற்கு டாக்டர் பட்டம் வேண்டும். எனக்கு அப்போது அது இல்லை.

அடுத்த வாரம் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதற்கு முன்னால் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை.

"இந்தக் கட்டுரையை நீயே எழுதும்மா. இதுல உன் பேருதான் முதல்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவரைப் போய் என்னென்னவோ நினைத்தோமே என்று கொஞ்ச நேரம் உருகினேன். அதற்குள் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "பேரு நீதான் வைக்கணும். நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். வழிகாட்டினவங்க பேரை வைக்கிறது ஒரு பண்பாடு, அவ்வளவுதான். கட்டுரை வந்துட்டா உன் தீசிஸ்ல கையெழுத்துப் போட்டுடலாம்."

உருகியது அப்படியே உறைந்துபோனது. தீசிஸ் எழுதி முடித்து அவர் மேஜையில் மாதக்கணக்கில் கிடந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் ஓசூரில் ஒரு கல்லூரியில் எனக்காகப் பிடித்து வைத்திருந்த வேலை இல்லை. பல்கலைக்கழகம் கொடுத்த அவகாசத்தில் கடைசி நீட்டிப்பும் அடுத்த வருஷத்தோடு முடிகிறது. மறுபக்கம் இன்னொரு தொல்லை. பூச்சியின் பெயருக்குப் பின்னால் அதற்குப் பெயர் வைத்தவரின் பெயர் ஒட்டிக்கொண்டே வரும். பிறகு தப்பு என்று தெரிந்தாலும் அழிக்க மாட்டார்கள். இன்னார் செய்த தப்பு என்ற குறிப்போடு, உலகம் உள்ளவரை புத்தகங்களில் இருக்கும். அந்த இன்னார் நான்.

எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. ஒருநாள் லேபில் கரண்ட் போய்விட்டது. ஹாட்பிளேட் ஆறிப்போய்க் கிடந்தது. சும்மா இருக்க எரிச்சலாக இருந்ததால், வேக வைக்காமலே, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு வயிற்றை ஊசியால் பிளந்தேன். உள்ளே குடல் இல்லை, கொழுப்பு இல்லை. வயிறு முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தது. அதன் வாயில் கறுப்பாக இரண்டு கொக்கி.

விஷயம் விளங்கிவிட்டது. இது புது இனம் இல்லை, நோயாளி. நம்ம பழைய இரண்டு பொட்டுக்காரன்தான். உள்ளே ஓர் ஈயின் புழு உட்கார்ந்து தின்னத் தின்ன, இவனுடைய உறுப்பு வளராமல் சூம்பிப்போயிருக்கிறது. நாங்கள்தான் புழுவையும் சேர்த்து வேக வைத்துக் கரைத்துவிட்டு, மிச்சமிருந்த அதன் பல்லைத் தூசி என்றோம். வாய்விட்டுச் சிரித்தேன். உடனே ஒரு கெட்ட ஆசையும் வந்தது: பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன? சூம்பிப்போன ஒரு பூச்சிக்கு நிரந்தரமாக இவர் பெயர். அதை விடப் பொருத்தமாக ஒரு பாராட்டு யார் செய்ய முடியும்? என் பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டு வருமே என்பதால்தான் அந்த ஆசையை அடக்கினேன். நியாய உணர்ச்சி என்று சொல்லிக்கொள்ள மனசு வரவில்லை.

கைடிடம் போனேன். "சார், உள்ளே புழு இருக்குது."

"கொழுப்பும்மா."

"வாய் இருக்குது சார்."

"ஆல்கஹால்ல கிடந்தா கொழுப்பு எந்த வடிவத்துலயும் உறையும்," என்றார், எனக்காக வருத்தப்படும் குரலில். "சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தா விஞ்ஞானம் வளராதும்மா. தாளாளர்கிட்ட சொல்லியாச்சு. பாராட்டு விழாவுக்கு பிளக்ஸுக்குக் கூடச் சொல்லியாச்சு."

பிளக்ஸுக்குச் சொல்லியாகிவிட்டால் இந்த மாவட்டத்தில் எதையும் திருப்ப முடியாது. செத்த பூச்சியைக் காட்டினால் கொழுப்பு என்பார். உயிருள்ள பூச்சியிலிருந்து ஈயை வரவழைத்துக் காட்டினால்தான் உண்டு. அத்தைக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு மருந்து அடிக்கறோம் கண்ணு. ஆளுக்குச் சொல்லிட்டன்," என்றார் அத்தை.

"அத்த, ஒரே ஒரு மரத்த மட்டும் வுட்டுடுங்க. நான் காலையில வந்துடறன்."

"ஏன், அதுல உன் பூச்சிங்க குடித்தனம் பண்ணுதா?"

"ஆமாங்க அத்த. மாசமா இருக்குதுங்க."

அத்தை, "நீ வூட்டுக்காரருக்குச் சோறாவது ஆக்கிப் போடறியா?" என்று கேட்டார். ஆனால் ஒரு மரத்தை விட்டு வைத்தார். காலை முதல் பஸ்ஸில் போய், வயிறு உப்பியதாகப் பார்த்துப் பார்த்து உயிரோடு பிடித்து வந்தேன். பிளாஸ்டிக் டப்பாக்களில் அடியில் ஈர மணல், மேலே தண்ணீர்ப் புட்டியில் செருகிய மாந்தளிர், வாயில் கொசுவலைத் துணி. எங்கள் வீட்டில் குழந்தைகள் கை படாத ஒரே இடம் பிரிட்ஜின் தலை. அங்கே வரிசையாக வைத்தேன்.

சில நாளில் ஒவ்வொரு பூச்சியாகச் செத்து விழுந்தது. வயிறு பிளந்திருந்தது. புழுக்கள் மணலுக்குள் இறங்கிக் கூடு கட்டின. மாமியார் மணலைக் கிளறிப் பார்த்துவிட்டு யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லா வூட்லயும் ஈயைத் தொரத்துவாங்க. எங்க வூட்ல ஈயை வளக்கறாங்க." அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் தப்பில்லை. அடுத்து வந்த வாரங்களில் ஈக்கள் வந்தன. கறுப்பாக, மெலிந்த உடம்பு. அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய உருண்டைத் தலை. தலை முழுக்கக் கண். அதைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் என் பிள்ளைகள் பிறந்தபோது இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

ஈயையும், பிளந்த தத்துப்பூச்சியையும், கூட்டையும் வரிசையாக வைத்துக் கைடின் மேஜைக்குக் கொண்டு போனேன். அவர் கோபப்பட்டால் ஓசூர் வேலை போயிற்று, இத்தனை வருஷமும் போயிற்று. அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். ஈயைப் பார்த்தார். தத்துப்பூச்சியைப் பார்த்தார். மறுபடியும் ஈயைப் பார்த்தார்.

"இது என்ன குடும்பம்?"

"பெருந்தலை ஈ சார்."

"நம்ம பக்கத்துல இதைப் பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களா?"

"அதிகமா இல்லை சார்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பொழுது விடிந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"அப்ப இது புதுசா இருக்கலாம் இல்லையாம்மா?"

தத்துப்பூச்சியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. மாலைக்குள் துறை முழுக்கச் செய்தி பரவியிருந்தது: மாணவி அவசரப்பட்டாளாம், புது இனம் என்றாளாம், இவர்தான் உள்ளே என்ன இருக்கிறது பார் என்று நிதானப்படுத்தினாராம். "நான் அப்பவே சொன்னேன்" என்று என்னிடமே சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த ஊசியை வளைத்துவிட்டேன்.

ஈயை வேறு மாநிலத்தில் இருக்கும் ஓர் ஈ நிபுணருக்கு அனுப்பினோம். சில மாதம் கழித்து அவர் எனக்கே போன் செய்தார். நான் அப்போது பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஈ உண்மையிலேயே புதிது என்றார். ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக, நீங்கள்தான் வளர்த்தெடுத்தீர்கள், உங்கள் பெயரையே வைக்கலாமா என்று கேட்டார்.

ஆசை இல்லை என்றால் அது பொய். என் பெயரை யாரும் எதற்கும் வைத்ததில்லை, ரேஷன் கார்டில் கூட எழுத்துப் பிழையோடுதான் இருக்கிறது. பஸ் வந்தது, ஏறாமல் நின்றேன். மேஜையில் கிடக்கும் தீசிஸை நினைத்தேன். அப்புறம் அந்த ஈ எப்படிப் பிழைக்கிறது என்பதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். மனசு லேசாகிவிட்டது.

"வேண்டாம் சார். என் கைடு பெயரை வையுங்கள். அவருக்குத்தான் பொருந்தும்," என்றேன். எவ்வளவு பெரிய மனசு என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

பாராட்டு விழா நடந்தது. பிளக்ஸில் ஒரு பக்கம் ஈயின் தலை, மறுபக்கம் கண்ணாடி போட்ட கைடு, இரண்டும் ஒரே அளவு. தாளாளர் மேடையில் உட்கார்ந்து, இந்த ஈ என்ன செய்யும் என்று ஊருக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள் என்றார். கைடு என்னைக் கை காட்டினார்.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். "இந்த ஈக்குத் தானாக மரத்தில் சாறு உறிஞ்சத் தெரியாது. பாடுபட்டு உறிஞ்சுகிற தத்துப்பூச்சியைத் தேடிப் பிடித்து அதன் வயிற்றில் முட்டை வைக்கும். புழு உள்ளேயே உட்கார்ந்து வளரும். தத்துப்பூச்சியை உடனே சாக விடாது, செத்துவிட்டால் சோறு யார் போடுவது? உயிர் நிற்கிற அளவுக்கு விட்டுவிட்டு மற்றதை எல்லாம் தின்னும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தத்துப்பூச்சி நன்றாகத்தான் இருப்பதாகத் தெரியும். அதற்கென்று ஒன்றும் மிஞ்சாது. வேலை முடிந்ததும் வயிற்றைப் பிளந்துகொண்டு வெளியே போய்விடும்."

பின்வரிசையில் எங்கள் ஆய்வு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்கு இருமல் வந்தது. பக்கத்தில் இருந்தவள் துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மேடையில் கைடு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அமைதியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். தாளாளர் எழுந்து, விவசாயிகளின் நண்பன் என்று சொல்லி அவருக்குச் சால்வை போர்த்தினார்.

விழா முடிந்து லேபுக்கு வந்ததும் தீசிஸை எடுத்து நீட்டினேன். பேனாவுக்குச் சட்டைப் பையைத் தடவினார், இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். சால்வையோடே உட்கார்ந்து, போட வேண்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"நல்லாப் பேசினேம்மா. ஒன்னு மட்டும் விட்டுட்டே."

"என்ன சார்?"

"அந்த ஈ இல்லேன்னா உன் தத்துப்பூச்சியை யாரும்மா திரும்பிப் பார்த்திருப்பாங்க?"

அவர் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் இருக்கும் அதே சாந்தம். எல்லாம் புரிந்துகொண்டு சொன்னாரா, ஒன்றும் புரியாமல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல எனக்குப் பயிற்சி இல்லை. தீசிஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஆமாம் சார்" என்றேன். அவர் எழுந்து, பேனாவை மூடித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார்.